அதே கணினியில் மாற்றினாயா?

சுங்கை சிப்புட்

அன்பு மாரி,

இங்கே எல்லாரும் நலம். தீபாவளிக்குப் பிறகு எழுதவே இல்லை, மன்னித்துவிடு. உன் விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி இலவச விளையாட்டு என்று எதையோ இறக்கினான், மறுநாள் உன் மின்னஞ்சலில் எவனோ புகுந்தான், அதே கணினியில் உட்கார்ந்து மறைச்சொல்லை மாற்றிவிட்டாய். அங்கேதான்டா எனக்குப் பயம். அந்த விளையாட்டோடு திருட்டு மென்பொருள் வந்திருந்தால், புது மறைச்சொல்லும் அவனுக்கே போயிருக்கும்.

இந்தத் திருட்டு மென்பொருளை எழுதுகிறவன் ஒருவன், ஏவுகிறவன் இன்னொருவன். லும்மா என்று ஒன்று, மாத வாடகை 250 டாலரிலிருந்து இருந்தது. வாடகைக்கு எடுப்பவனுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதே இல்லை. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதன் 2,300 இணைய முகவரிகளை முடக்கியது. அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் அது தொற்றிய விண்டோஸ் கணினிகள் 3,94,000. பிரௌசரில் சேமித்த மறைச்சொல், அட்டை எண், குக்கி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பிவிடும். 'லாக்' என்று பெயர். அதை விலைக்கு வாங்குபவன் மூன்றாமவன். குக்கி என்பது நீ ஏற்கெனவே உள்ளே வந்தவன் என்பதற்கான சீட்டு. அதைத் தன் பிரௌசரில் போட்டுக்கொண்டால் மறைச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

எங்கோ வெளிநாட்டு வேலை என்று நினைக்காதே. புல்லட்புரூஃப்லிங்க் என்ற கடையை நம் மலேசியப் போலீஸ் 2023 நவம்பரில் இங்கேயேதான் மூடியது. போலி உள்நுழைவுப் பக்கங்களை வாடகைக்கு விட்ட கடை. வாடகைக்காரனிடம் சிக்கிய மறைச்சொல்லில் ஒரு படி சத்தமில்லாமல் கடைக்காரனுக்கும் போகும். ஒரு களவு, இரண்டு கள்ளர்.

முதலில் கணினியை இணையத்திலிருந்து துண்டி. உன் கைப்பேசியை எடு. மின்னஞ்சலில்தான் தொடங்க வேண்டும், 'மறைச்சொல் மறந்துவிட்டது' என்றால் எல்லா இணைப்பும் அங்கேதான் வரும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு, பிறகு மறைச்சொல்லை மாற்று. மீட்பு எண் உன்னுடையதுதானா, கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறானா என்று பார். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்து வங்கி, பிறகு புலனத்தில் (வாட்ஸ்அப்) இணைத்த சாதனங்கள். கடைசியில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடு. அந்த விளையாட்டுக் கோப்பைத் திரும்பக் கொண்டுவராதே.

பணம் குறைந்திருந்தால் உடனே வங்கிக்கும், மோசடிப் புகாருக்கான 997க்கும் அழை.

செல்வி மகனிடமும் பேசு. ஏடிஎம் அட்டையை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தால் கொடுக்கவே கூடாது. திருடிய பணம் கடைசியில் இறங்குவது அப்படிப்பட்ட 'கெல்டாய்' (மலாயில் கழுதை) கணக்கில்தான். போலீஸ் முதலில் தட்டுவது அட்டைக்காரன் வீட்டுக் கதவை.

முடித்ததும் கைப்பேசியிலிருந்தே எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
குமார்