படத்தின் கீழே விநாடியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தின் படம் ஒன்று அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள், அவற்றின் அடியில் பால் ஊற்றி வைத்தது போலத் தண்ணீர். அடுத்த வாரமே கடிதப் பகுதியில் ஒரு வாசகர், இது கம்ப்யூட்டரில் செய்த வேலை, துறைமுகம் இருக்கும் கடுவையாறு என்றைக்கு இப்படி இருந்தது என்று கோபமாகக் கேட்டிருந்தார். அவர் கோபத்தில் பாதி தவறு, பாதி ரொம்பச் சரி. நாகையில் 32 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் இரண்டையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் படம் கம்ப்யூட்டரில் செய்ததல்ல. படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் படகின் முன்பக்கம் இறுக்கிக் கட்டியிருக்கிறது. அங்கே எழுதியிருக்கும் பதிவு எண்ணைக்கூடப் படிக்க முடிகிறது. அதே படகின் பின்பக்கக் கயிறு தளர்ந்திருக்கிறது; அதனால் பின்பக்கம் கலங்கித் தெரிகிறது. தளர்ந்த கயிறு ஒன்றுதான், படத்தில் இரண்டாகத் தெரிகிறது. படகு ஒரு பக்கம் போய்ச் சற்று நின்று, மறுபக்கம் வந்து சற்று நின்றிருக்கிறது. நின்ற இரண்டு இடத்திலும் கயிறு பதிந்துவிட்டது. கொடிக்கம்பம் இருக்கிறது, கொடி வெறும் சிவப்புப் புகையாகத்தான் இருக்கிறது. வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான கேமராவின் ஷட்டர் அரை நிமிடம் போலத் திறந்திருந்தால் மட்டும்தான் இதெல்லாம் இப்படி விழும்.

நம் கண் பார்த்ததை அந்தந்த நொடியிலேயே விட்டுவிடும். கேமரா விடாது. ஷட்டர் மூடும் வரை வந்த வெளிச்சத்தையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சூரியன் எழுந்த கொஞ்ச நேரத்தில், லென்ஸ் திறப்பை எஃப் 11-ல் வைத்தால், சாதாரணமாக 1/30 விநாடி போதும். அதன் முன்னால் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரை மாட்டினால், அதே படத்துக்கு 33 விநாடி ஆகிவிடும். அந்த 33 விநாடியில் எத்தனையோ சிற்றலை வந்து போகும். எல்லாம் ஒன்றாகச் சேரும்போது மேடும் பள்ளமும் போய், தண்ணீர் வழவழவென்று ஆகிவிடுகிறது.

எங்கள் காலத்தில் இந்த ஃபில்டர் நாகையில் எங்கே கிடைக்கும்? படகு கட்டும் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர்கள் முகமூடியில் போடும் கறுப்புக் கண்ணாடியை வாங்கி, லென்ஸில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டுவேன். கலர் ஃபிலிமில் எல்லாம் பச்சையாக வந்துவிடும். அதனால் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான். நிக்கான் எஃப்எம்2 கேமராவில் ஷட்டரை 'பி'யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, கேமராவைத் தொடாமல் அழுத்த உதவும் கேபிள் ரிலீஸை அழுத்திப் பூட்டிவிட்டு, கையில் ஹெச்எம்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நேரம் நீள நீள ஃபிலிமுக்கு வெளிச்சத்தை வாங்கும் சக்தி குறையும். கணக்குக்கு ஒரு நிமிடம் வந்தால் இரண்டு நிமிடமாவது விட வேண்டும். இதற்கு நடுவில் ஐஸ் லாரி ஒன்று ஜெட்டியில் போனால் ஸ்டாண்டு அதிரும், படம் போச்சு. ஒரு ஃபைபர் படகு குறுக்கே போனாலும் கட்டிக் கிடக்கும் படகெல்லாம் வெகுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் எனக்குப் பிடித்த காலம் என்று சொன்னால் கடலுக்குப் போகிறவர்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் விசைப்படகு எல்லாம் ஒன்றோடு ஒன்று அணைத்துக் கட்டிக் கிடப்பது அப்போதுதான்.

1991-ல் என்று நினைவு. வெளிச்சம் மங்கிய பிறகு, ஃபில்டர் இல்லாமலேயே, எஃப் 16-ல் 40 விநாடி விட்டு ஒரு படம் எடுத்தேன். ஜெட்டி ஓரமாக ஒரு பெரியவர் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் அவர் முகம், தலைத்துண்டு, மடியில் கிடந்த வலை எல்லாம் துல்லியமாக இருந்தன. இரண்டு கையும் மணிக்கட்டுக்குக் கீழே காணோம். மெல்லிய புகை மாதிரி ஏதோ ஒன்று மட்டும். கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "கை மட்டும் வேலை செஞ்சுது தம்பி, அதான் அது விழல" என்றார். நான் விளக்கம் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். தேவைப்படவில்லை.

இது புகைப்படம் பிறந்த காலத்திலிருந்தே உள்ள விஷயம். 1838-ல் புகைப்படக் கலையின் முன்னோடியான டாகுவேர் பாரிஸில் ஒரு பெரிய தெருவை எடுத்தபோது, போய்க்கொண்டிருந்த வண்டியும் மனிதர்களும் படத்தில் விழவே இல்லை. ஆனால் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓர் இடத்தில் நின்ற ஒரு ஆள் விழுந்தார். அப்புறம் 1857-ல் குஸ்தாவ் லெ கிரே என்பவர் பிரான்ஸின் செத் துறைமுகத்தில் அலை வந்து மோதுவதை எடுத்தார். அலையும் மேகமும் பார்த்தால் நேரில் நிற்பது போலவே இருக்கும். ஆனால் அது கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை அடிவானத்தில் ஒட்டிச் செய்த படம். அந்தக் காலத்துப் பிளேட்டில் இரண்டும் ஒரே தடவையில் சரியாக விழாது. ஆக, இயற்கையாகத் தெரிகிற படம் ஒட்டியதாக இருக்கலாம். விநோதமாகத் தெரிகிற படம் ஒரே தடவையில் எடுத்ததாக இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் பொய் என்று சொல்லிவிட முடியாது.

சரி, வாசகர் சொன்னதில் நியாயமான பாதிக்கு வருகிறேன். அந்தத் தண்ணீரை நான் தினமும் பார்க்கிறேன். டீசல் படலம் வானவில் நிறத்தில் மிதக்கும். தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் துண்டு, அறுந்த நைலான் கயிறு, மீன் கழிவு எல்லாம் படகுகளுக்கு நடுவே வந்து வந்து போகும். 33 விநாடி விட்டால் மிதந்து நகர்கிற குப்பை முழுக்க மறைந்துவிடும். பெரியவரின் கை மறைந்ததும் இந்தக் குப்பை மறைவதும் ஒரே காரணத்தால்தான். படம் எடுத்தவர் எதையும் அழிக்கவில்லை. ஆனால் பார்க்கிறவருக்குத் துறைமுகம் சுத்தமாக இருக்கிறது என்றுதான் தோன்றும். அந்த வாசகர் வீடு ஆற்று ஓரமாக இருந்தால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

எனக்கே இது உறைத்த காலம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, அக்கரைப்பேட்டைப் பக்கம் படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததைப் பார்த்த பிறகு, மூன்று வருடம் நான் இந்த வகைப் படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. தண்ணீரைப் பாலாகக் காட்ட மனம் வரவில்லை. மறுபடி எடுக்கத் தொடங்கியபோது பிரிண்டின் பின்பக்கம் எத்தனை விநாடி என்று பென்சிலால் எழுதும் பழக்கம் வந்தது. இன்றுவரை விடவில்லை.

தங்களிடம் கேட்பதும் அதைத்தான். இப்படிப்பட்ட படம் போடும்போது எடுத்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே '33 விநாடி' என்று ஒரு வார்த்தை சேருங்கள். அதற்கு இடம் ஒன்றும் பெரிதாகப் போய்விடாது. வாசகர் ஏன் தண்ணீர் இப்படி இருக்கிறது என்று யோசிப்பார். துறைமுகம் தூர்வாருவது, எண்ணெய்க் கழிவு, முகத்துவார மணல் போன்ற செய்திகளுக்கு மட்டும் தயவுசெய்து இந்தப் படங்களை எடுத்துப் போடாதீர்கள். அதற்கு 1/500 விநாடியில் எடுத்த படம்தான் சரி. மிதப்பது மிதந்தபடி தெரியும்.

இத்துடன் இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். போன மே மாதம் ஒரே காலையில், ஸ்டாண்டை நகர்த்தாமல், ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. ஒன்று 1/500 விநாடி, மற்றது 33 விநாடி. முதல் படத்தில் இடது ஓரம் ஒரு மஞ்சள் நிற எண்ணெய் கேன் மிதக்கிறது. இரண்டாவதில் அது இல்லை. இடம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டூடியோக்காரர்,
நாகப்பட்டினம்.