ஜோங்கனைக் கேட்டுப் பார், மகள்

அன்பு மகளுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கூப்பிட்டால் "எல்லாம் ஓகே அப்பா, பிறகு கதைக்கிறன்" என்கிறாய், அந்தப் பிறகு வருவதாக இல்லை, அதுதான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. தம்பி லைசென்ஸ் எடுத்துவிட்டான். அம்மாவின் முழங்கால் அப்படியேதான்.

அங்கே குளிர் தொடங்கி ஹீட்டர் போட்டிருப்பாய். வயோலாவை ஹீட்டருக்குக் கிட்ட வைக்காதே. மரம் காய்ந்தால் ஒட்டு விடும், மேல்பலகை வெடிக்கும். அந்தப் பச்சை ரப்பர் குழாய், துளை போட்டது, அதைத் தண்ணீரில் நனைத்து, துடைத்துவிட்டு உள்ளே விடு. துடைக்காமல் விட்டு ஒருமுறை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும்.

நான் இப்போது ஜோங்கனை, எங்கள் பெல்ஜியத்து லியேஜ் ஊர் இசையமைப்பாளரை, தேடித் தேடிக் கேட்கிறேன். சரக்கு விமானத்தளத்தில் இரவு வேலை முடித்து பஸ்ஸில் வரும்போது, காதில் மாட்டிக்கொண்டு. நீ கடைசி வருடப் பரீட்சைக்கு அவர் வயோலாவுக்கு எழுதிய சூட், படைப்பு வரிசையில் அந்த 48ஆம் இலக்கத்தைப் பயிற்சி செய்தபோது கதவுக்கு வெளியே இருந்து கேட்டுக் கேட்டு உன் பகுதி முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. ஆனால் பரீட்சையில் பியானோதானே கூட இருந்தது. ஓர்க்கெஸ்ட்ராவோடு இப்போதுதான் கேட்டேன். முதல் பகுதி, 'போயெம் எலேஜியாக்', நீ வில்லை நீளமாக இழுத்து நிறுத்துகிற இடங்களில் நான் இவ்வளவு காலமும் மௌனம் என்று நினைத்திருந்தேன், அங்கே கீழே முழு ஓர்க்கெஸ்ட்ராவும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். ஒன்று சொல்கிறேன், அந்த ஒலிப்பதிவில் வாசிப்பவர் நல்லவர்தான், ஆனால் அந்த மெதுவான இடத்தில் நீ இன்னும் பொறுமையாக வாசித்தாய். மகள் என்பதற்காகச் சொல்லவில்லை.

அது எழுதப்பட்டது 1915இல், இங்கிலாந்தில். 1914 ஓகஸ்டில் ஜெர்மன் படை வந்தபோது முதலில் அடி வாங்கியது எங்கள் லியேஜ்தானே, கோட்டைகள் எல்லாம் பீரங்கியில் போயின. ஜோங்கன் குடும்பத்தோடு கடல் தாண்டிப் போனார். இந்த ஊரிலே 1873இல் பிறந்து, ஏழு வயதில் இங்கேயே கொன்சர்வத்வார் இசைக் கல்லூரியில் சேர்ந்து, 1897இல் இசையமைப்புக்கான ரோம் பரிசும் வாங்கி, பெயரும் வேலையும் இருந்த மனிதர், அகதியாகப் போய் இறங்கினார். போனவர் சும்மா இருக்கவில்லை. லண்டனில் நாலு பேராக ஒரு பியானோ குவார்ட்டெட் சேர்த்தார், பியானோவுக்கு அவரே, வயலினுக்கு தெஃபோ, செலோவுக்குத் தூஆர்ட், வயோலாவுக்கு லயனல் டெர்டிஸ். டெர்டிஸ் யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, உன் சுவரில் படம் இருந்தது. ஊர் போய், வீடு போய், நாளைக்கு என்ன என்று தெரியாத நேரத்தில் அந்த மனிதர் வயோலாவுக்கு எழுதினார், வாத்தியத்தை யாரும் மூடி வைக்கவில்லை. நானும் அம்மாவும் வந்த புதிதில் எப்படி இருந்தோம் என்று உனக்குத் தெரியும், அதனால் இதை வாசித்தபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது.

சாப்பிடுகிறாய்தானே? பாணும் சீஸுமாக ஓட்டாதே.

பிறகு அந்த ஓர்கன் துண்டு, 'சிம்பொனி கொன்சேர்த்தாந்த்'. பெயர் சிம்பொனி என்றாலும் ஓர்கனுக்கு அது ஒரு கொன்செர்ட்டோதான், ஓர்கன் முன்னுக்கு, ஓர்க்கெஸ்ட்ரா கூட, நாலு பகுதி. கடைசிப் பகுதி தொக்காத்தா, ஓர்கன்காரருக்கு மூச்சு விட இடமில்லை. எல்லோரும் அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள், எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, ஏழு ஏழாக எண்ணுகிற தாளம், மடியில் விரலால் மிச்ர சாபு போட்டுப் பார்த்தேன், சரியாக வந்து நின்றது. வர்ஜில் ஃபொக்ஸ் பாரிசில் 1961இல் பதிந்தது ஒன்று இருக்கிறது, ஜோர்ஜ் ப்ரெத்ர் நடத்தியது. முதலில் அதைக் கேள். பழைய பதிவு, ஆனால் ஃபொக்ஸ் நெருப்பு.

அந்தத் துண்டின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிலடெல்பியாவில் ரொட்மன் வனமேக்கர் என்பவரின் பெரிய கடை, அதன் நடு மண்டபத்தில் உலகத்திலேயே பெரிய ஓர்கன்களில் ஒன்று, இப்போது 28,000க்கு மேல் குழாய்கள். அந்த மண்டபத்துக்காக ஜோங்கனிடம் கேட்டார்கள், அவர் 1926இல் எழுதி முடித்தார். தள்ளிப் போனது, பிறகும் தள்ளிப் போனது, 1928இல் வனமேக்கரே இறந்துவிட்டார். அதற்குச் சற்று முன்பு, அதே வருடம், ஜோங்கன் பிரசல்ஸில் தானே ஓர்கனில் உட்கார்ந்து வாசித்து அரங்கேற்றிவிட்டார். எந்தக் கடைக்கு எழுதினாரோ அந்தக் கடையில் அது முதல்முதல் கேட்டது 2008இல். 82 வருடம், மகள். அதற்குள் ஜோங்கன் போய்ச் சேர்ந்தே அரை நூற்றாண்டு. ஒரு இடத்தில் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது என்று அவர் இருக்கவில்லை. ஓர்க்கெஸ்ட்ராவில் சேர ஒரு தேர்வு என்பது ஒரு நாள். திரைக்குப் பின்னால் இருந்து கேட்கிறவர்களுக்கு அன்றைக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத் தெரியும். சரி, அந்த மார்ச் விஷயத்தைப் பற்றி நான் கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவில்லை.

வயலின் கொன்செர்ட்டோவும் செலோ கொன்செர்ட்டோவும் 1900 வாக்கில் எழுதியவை, நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அதில் செசார் ஃப்ராங்கின் சாயல் அதிகம். ஆறுதலாக இருந்தால் கேள். அவசரப்பட்டால் 71ஆம் இலக்கத்துக்குப் போ, 1923இல் எழுதியது, புல்லாங்குழல், வயலின், வயோலா, செலோ, ஹார்ப், ஐந்து பேர். ஹார்ப்புக்கும் குழலுக்கும் நடுவில் வயோலாவின் குரலை ஒருவர் சரியாகப் பிடித்து வைத்தால்தான் அது நிற்கும், இல்லாவிட்டால் வெறும் மினுக்கம். நீ நல்லாய்ச் செய்வாய். ஹார்ப் கொன்செர்ட்டோவையும் கேள், 1944, எழுபது வயதில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது. கேட்டால் அப்படித் தெரியாது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 241 இலக்கம் வரை எழுதிவிட்டு, அதில் பலவற்றைத் தானே அழித்திருக்கிறார். அழித்ததற்குள் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. கேட்க ஆசைப்பட்டவனிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம் இல்லையா. யூரியூப்பில் உன் வீடியோக்களைக் காணவில்லை. அந்த ப்ராம்ஸ், பள்ளிக்கூட மண்டபத்தில் நீலச் சட்டையோடு வாசித்தது, எல்லாம் போய்விட்டது. நான் தேடுவது பிழையோ என்று தம்பியிடம் கொடுத்துத் தேடினேன். கணக்கு மாற்றினாயோ? அம்மா சமைக்கும்போது போட்டு வைப்பாள், அவளுக்கு போனில் நெட் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் வேலையைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வேலை நல்ல வேலை, சம்பளம் நல்லது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வேலை செய்துகொண்டும் வாசிக்கலாம், சனி ஞாயிறு வாசிக்கிற ஓர்க்கெஸ்ட்ராக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, வயோலாவுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு என்று நீயே சொல்லியிருக்கிறாய். வாசிக்காவிட்டாலும் தந்தியை முழுக்கத் தளர்த்தாதே, உள்ளே நிற்கிற கட்டை விழுந்துவிடும். ஹீட்டருக்குக் கிட்டவும் வைக்காதே.

கௌசி வந்திருந்தாள். உன் புது வீட்டில் சாப்பிட்டதாகச் சொன்னாள், ஒற்றை அறை, நல்ல வெளிச்சம் என்றாள். வயோலா எங்கே வைத்திருக்கிறாள் என்று சும்மா கேட்டேன். காணவில்லை என்றாள், பிறகு கவனிக்கவில்லை என்று மாற்றிச் சொன்னாள். கௌசிக்குப் பொய் வராது.

காசு தேவையென்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். தேவை அதுவல்ல, அது கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைத்தாய் என்றால் அதையும் சொல்லு, நான் கோபப்பட மாட்டேன், இங்கே கொண்டுவந்து வைத்திருப்பேன். விற்றுவிட்டாயென்றால் எந்தக் கடை, எந்தத் தெரு என்று மட்டும் எழுது. அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா