மகளுக்கு, மைரா பற்றி

அன்பு மகளுக்கு,

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து கதைக்கும்போது, திமிங்கிலக் கூட்டத்தில் மைரா என்ற நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, அது செத்துப்போச்சா அப்பா என்று கேட்டாய். இல்லை மகள், அது அங்கேதான் இருக்கிறது. 1596இல் டேவிட் பப்ரிசியஸ் என்ற பாதிரியாரும் அது மங்கி மறைந்ததைப் பார்த்து, வந்து போன புதுநட்சத்திரம் என்றுதான் நினைத்தார். அது திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் பதினொரு மாதக் கணக்கில் என்று 1638இல் ஹோல்வார்டா என்ற வானியலாளர் கண்டுபிடித்த பிறகுதான் விளங்கியது.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்று வயதாகி, ஊதிப் பெருத்து, சிவந்து போன நிலைதான் இது. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமியின் பாதையையே விழுங்கிவிடும். சுமார் 332 நாளுக்கு ஒரு தடவை விரிந்து சுருங்குகிறது. உச்சத்தில் வெறுங்கண்ணுக்கு வடிவாகத் தெரியும், அடியில் 9ஆம் ஒளிப்பருமனுக்கும் (பிரகாசத்தின் அளவு, எண் கூடக்கூட மங்கல்) கீழே போய்விடும், அதாவது கண்ணுக்கு எட்டும் வெளிச்சம் சில நூறு மடங்கு குறைகிறது. ஆனால் வெப்பக் கதிரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மொத்த வெளியீடு இரண்டு மூன்று மடங்குதான் மாறுகிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குளிரும்போது அதன் வெளிப்படலத்தில் டைட்டானியம் ஒட்சைட்டு போன்ற மூலக்கூறுகள் உண்டாகி, நாங்கள் பார்க்கும் வெளிச்சத்தை அள்ளி விழுங்கிவிடுகின்றன. தானே உண்டாக்கிய திரைக்குப் பின்னால் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

332 நாள் என்பதால் உச்சம் வருடா வருடம் ஒரு மாதம் முந்தி வரும். சித்திரை, வைகாசியில் விழுந்தால் சூரியனுக்குப் பக்கத்தில் நிற்பதால் அந்த வருடம் ஒருவருக்கும் கிடைக்காது.

சரி, நீ செய்யவேண்டியது. இங்கே வெள்ளவத்தையில் இப்போது ஒரே மழை முகில், தைப்பொங்கலை அண்டித்தான் வானம் வெளிக்கும். அந்த நாட்களில் இருட்டினவுடன் மைரா எங்களுக்குக் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வரும், உனக்குத் தெற்கே பாதி உயரத்தில் நிற்கும். கார்த்திகைக் கூட்டத்திலிருந்து தெற்கும் மேற்குமாக வந்தால் மென்கார் என்ற நட்சத்திரம், ஒளிப்பருமன் 2.5. இன்னும் கொஞ்சம் அதே பக்கம் வந்தால் அதே திமிங்கிலக் கூட்டத்தின் டெல்டா நட்சத்திரம், 4.1. அதையும் தாண்டினால் மைரா. கண்ணுக்குப் படாவிட்டால் பைனாகுலரை எடு, அப்போது பக்கத்திலுள்ள மங்கலான நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். எப்படியும் மைராவைவிடப் பிரகாசமான ஒன்று, மங்கலான ஒன்று இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் எங்கே நிற்கிறது என்று மதிப்பிடு. ஒரு கவனம், சிவந்த நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றால் இருக்கிறதைவிடப் பிரகாசமாகத் தெரியும், அதனால் சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடு.

எண்ணைக் கொப்பியில் எழுதி வை, எனக்கு முதலில் சொல்லாதே. நானும் எழுதி வைக்கிறேன். ஒருவர் சொன்னதைக் கேட்டால் மற்றவர் கண்ணும் அதையே பார்க்கத் தொடங்கிவிடும். ஞாயிறு நீ எடுக்கும்போது இரண்டையும் ஒப்பிடுவோம். அம்மா தொப்பியும் கையுறையும் போடாமல் வெளியே நிற்கவேண்டாம் என்று சொல்கிறா.

அன்புடன்,
அப்பா