பேனல் சிரிக்கலன்னா வேலை போச்சுன்னு அர்த்தமா அம்மு?

அம்மு,

யுனிவர்சிட்டி ஃபைனான்ஸ் ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ போயிட்டு வந்து நேத்து நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் முழுசா கேட்டேன். போன்ல சொன்னா நடுவுல நடுவுல நீ பேசுவ, என்னைப் பேச விடமாட்ட, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி.

அஞ்சு பேர் வரிசையா உக்காந்துக்கிட்டு, நீ பேசப் பேச குனிஞ்சு எழுதிட்டே இருந்தாங்க, ஒருத்தர்கூட தலையாட்டல, கோர்ட்ல கூண்டுல நிக்கிற மாதிரி இருந்துச்சுன்னு அழாத குறையா சொன்ன. அது உனக்கு மட்டும் நடக்கலடி. நிறைய யுனிவர்சிட்டில எல்லா கேண்டிடேட்டுக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனி மார்க். ஏன் இவங்களை எடுத்தீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா அந்த பேப்பரைத்தான் காட்டணும், அதனாலதான் தலை நிமிராம எழுதுறாங்க. நானும் அந்தப் பக்கம் உக்காந்து எழுதினவதான். எங்க ஃபைனான்ஸ் ஆபீஸ்ல இப்ப ஜம்முன்னு வேலை பாக்குற பல பேர் அன்னைக்கு வெளிய வந்ததும் வீட்டுக்கு போன் பண்ணி "போச்சு"ன்னு சொன்னவங்கதான், பின்னாடி அவங்களே சொல்லி சிரிப்பாங்க.

ஆனா அந்த கிராண்ட் கேள்விய நீ கொஞ்சம் கோட்டை விட்டுட்ட, அதை மட்டும் சொல்லிடறேன். 12 மாச ஆராய்ச்சி கிராண்ட், 9 மாசம் முடிஞ்சிருச்சு, செலவு 40% தான், என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு, மிச்சம் புடிச்சிருக்காங்க, நல்லதுதான், அடுத்த வருஷம் பட்ஜெட்ட குறைக்கலாம்னு சொல்லிருக்க. கம்பெனில அது சரியா இருக்கலாம். இங்க அது நம்ம பணமே இல்லடி, ஒருத்தர் ஒரு வேலைக்குன்னு, ஒரு தேதிக்குள்ள செலவு பண்ணுன்னு குடுத்தது. தேதி தாண்டிட்டா மிச்சத்தை பெரும்பாலும் திருப்பிக் குடுக்க வேண்டி வரும். அதனால முதல்ல ஏன்னு பாக்கணும். ஆள் லேட்டா ஜாயின் பண்ணாங்களா, ஆர்டர் போட்டு பில் இன்னும் வரலையா, அந்த ப்ராஜெக்ட் சம்பளம் தப்பா வேற அக்கவுண்ட் கோடுல போய் உக்காந்திருக்கா (இது எத்தனை தடவை நடக்கும்னு உனக்குத் தெரியாது). நிஜமாவே வேலை லேட்டுன்னா புரொபசர்கிட்ட பேசி, கிராண்ட் முடியறதுக்கு முன்னாடியே டைம் நீட்டிக்க முடியுமான்னு பணம் குடுத்தவங்ககிட்ட எழுதிக் கேக்கணும். பேனல் காத்துட்டு இருந்தது இதுக்குத்தான்.

ஃபீஸ் கேள்வி நல்லா சொல்லிருக்க. 10 மாச கோர்ஸுக்கு மொத்த ஃபீஸும் முன்னாடியே வந்துட்டு, 4 மாசத்துல கணக்கு வருஷம் முடிஞ்சா, 40% தான் இந்த வருஷ வருமானம், மிச்சம் 60% இன்னும் நாம குடுக்க வேண்டிய பாடத்துக்கான கடன். எக்செல் டெஸ்ட்டும் உனக்குப் பிரச்சனை இல்ல.

அடுத்த வாரம் போற இன்னொரு யுனிவர்சிட்டில கண்டிப்பா வேற ஒண்ணு வரும்னு நினைக்கிறேன். கிராண்ட் முடிய ரெண்டு வாரம் இருக்கு, பெரிய புரொபசர் ஒருத்தர் வந்து மிச்சப் பணத்துல லேப்டாப் வாங்கணும்ங்கறார், என்ன செய்வீங்க? இதுல பாதிப் பேர் "ரூல் இல்ல, முடியாதுன்னு சொல்லிடுவேன்"ம்பாங்க, மீதிப் பேர் "சீனியர் ஆச்சே, எப்படியாச்சும் முடிச்சுக் குடுப்பேன்"ம்பாங்க. ரெண்டுக்குமே மார்க் கம்மிதான். ஒரு தடவை ஆஸ்பத்திரி பில்லிங்ல இருந்து ஒரு பொண்ணு வந்தா, கிராண்ட் கணக்கே பாத்தது இல்ல. ஆனா, எதுக்கு வேணும்னு கேப்பேன், கிராண்ட் கண்டிஷன எடுத்துப் படிப்பேன், அந்த தேதிக்குள்ள பொருள் வந்து அந்த ஆராய்ச்சிக்கே உபயோகப்படுமான்னு பாப்பேன், இல்லன்னா டிபார்ட்மென்ட்டோட வேற ஃபண்ட்ல வழி இருக்கான்னு தேடுவேன், எது முடிவானாலும் மெயில்ல எழுதி வெச்சுப்பேன்னா. அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட எல்லாம் மூச்சு விடாம ஒப்பிச்ச பையனை விட்டுட்டு அவளைத்தான் எடுத்தோம். கணக்கு சொல்லிக் குடுத்துடலாம், புரொபசர் மனசு நோகாம முடியாதுன்னு சொல்ற வித்தைய யாரு சொல்லிக் குடுக்கறது?

அப்புறம், ஏன் கார்ப்பரேட்ட விட்டுட்டு வர்றீங்கன்னு கேட்டா தயவுசெஞ்சு இங்க டென்ஷன் கம்மின்னு சொல்லிடாத. பேனல்ல இருக்குற ஃபைனான்ஸ் ஆள் அப்பத்தான் வருஷக் கடைசி கணக்கையும் ஆடிட்டையும் முடிச்சுட்டு கண்ணு வீங்கி வந்திருப்பாரு.

ரிசல்ட் லேட்டாகும். ஒரு போஸ்ட்டுக்கு எத்தனை கையெழுத்து வேணுமோ அத்தனையும் விழணும், அது வரைக்கும் அவங்களால வாயத் திறக்க முடியாது. ஆஃபர் எழுத்துல கைக்கு வராம இப்ப இருக்குற வேலைய விட்றாத. சம்பளம் பெரும்பாலும் கிரேடு படிதான், ஆனா உன் அனுபவத்துக்கு அந்த கிரேடுல எந்தப் படில வைப்பாங்கன்னு ஒத்துக்கறதுக்கு முன்னாடியே கேளு, சேந்த பின்னாடி மாத்தறது ரொம்ப கஷ்டம். கடைசில அவங்க "எதாவது கேக்கணுமா"ன்னா, இந்த போஸ்ட்ல எத்தனை ஃபண்டு பாக்கணும், மாசக் கணக்கு எந்த தேதிக்குள்ள முடிக்கணும்னு கேளு, அந்த பதில்லயே உன் ராத்திரியெல்லாம் எப்படிப் போகும்னு தெரிஞ்சிடும்.

அடுத்த வார இன்டர்வியூல காட்டப் போற பிரசன்டேஷன் ஸ்லைடு இன்னிக்கே எனக்கு அனுப்பு. கேக்கப் போறவங்கள்ல பாதிப் பேர் ஃபைனான்ஸே இல்ல, அந்த ரெண்டாவது ஸ்லைடுல இருக்குற பெரிய டேபிள மட்டும் எடுத்துட்டு அனுப்பு.

அம்மா