கோவலனை யாரும் கேட்கவில்லை

அன்பு மகனுக்கு,

நீ தொடாத பணத்துக்கு உன்மேல் பழி போட்டு வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீயோ, "நான் என்ன பாவம் செய்தேனோ, என் விதி, விட்டுவிடலாம் அம்மா" என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சிலப்பதிகாரத்துக் கோவலன் நினைப்பாகவே இருக்கிறது.

நீ கேட்டதை அவனைப் பற்றி மாடலன் என்ற மறையவனும் கேட்கிறான். கோவலன் மத யானையிடமிருந்து முதியவரைக் காப்பாற்றியவன், பொய்ச்சாட்சி சொன்னவனுக்காகத் தன் உயிரையே பூதத்திடம் கொடுக்க முன்வந்தவன். இந்தப் பிறவியில் எனக்குத் தெரிந்து நல்லதுதானே செய்தாய், இது முன்வினையோ என்கிறான் மாடலன்.

சிலப்பதிகாரம் விதியின் கதைதான், நான் மறுக்கவில்லை. 'ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்' என்று முன்னுரையான பதிகத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்துப் பார். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கையில் சிலம்போடு வந்த வெளியூர்க்காரன் அவனுக்கு வாகாகக் கிடைத்தான். ஊடிப்போன தேவியைத் தேடிப் போகும் அவசரத்தில் பாண்டியன், சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டான். அதை 'வினைவிளை காலம்' என்கிறார் இளங்கோவடிகள், சரி. ஆனால் அரசனின் அவசரத்தையும் அவர் மறைக்கவில்லை. காவலர்களே கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் கொலை செய்யப்பட வேண்டியவன் இல்லை என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களைச் சொல்லிச் சொல்லியே அவர்கள் மனதைக் கலைக்கிறான். கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். இத்தனை பேரில் ஒருவர்கூட, இந்தச் சிலம்பு உனக்கு எப்படி வந்தது என்று கோவலனைக் கேட்கவில்லை. எத்தனை முறை படித்தாலும் அங்கே எனக்கு வயிறு எரியும்.

கண்ணகி விதி என்று உட்காரவில்லை. மிச்சமிருந்த ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போனாள். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பை வாங்கி இவள் உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. 'கெடுக என் ஆயுள்' என்று அரசன் அங்கேயே உயிரை விட்டான்.

போன பிறவியில் கோவலன் சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்லவைத்த கதையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. எப்போது? வழக்கு முடிந்து, மதுரை தீப்பற்றிய பிறகு. காரணம் தெரிந்த பிறகுதான் நியாயம் கேட்பேன் என்று அவள் காத்திருக்கவில்லை, ராசா.

கோவலனுக்குக் கிடைக்காத நேரம் உனக்கு இருக்கிறது. ராஜினாமா எழுதிக் கொடுக்காதே. குற்றச்சாட்டை எழுத்தில் கேள். அந்த நாட்களின் ரசீது, கணக்கு, நீ அனுப்பிய தகவல்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வை. உனக்காகப் பேசக்கூடிய ஆள் அங்கே ஒருவராவது இருப்பார், அவரைப் போய்ப் பார். விசாரணைக்கு நாள் குறித்ததும் எனக்குச் சொல், நானும் அப்பாவும் புறப்பட்டு வருகிறோம்.

அன்புடன்,
அம்மா