படகு வந்துவிட்டது, மகனே

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

கோட்டைப்பட்டினத்தில் பேசி வைத்திருந்த ஃபைபர் படகு நேற்று முன்தினம் வந்து சேர்ந்தது. எஞ்சின் ஓடாத படகைக் கோடியக்கரை சுற்றிக் கடல்வழியே எப்படிக் கொண்டுவருவது? லாரியில் ஏற்றி, முன்புற அணியத்தையும் எஞ்சின் மாட்டும் பின்பலகையையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வழியாக ஆறுகாட்டுத்துறைக்குக் கொண்டுவந்தோம். எட்டுப் பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

பழைய படகு என்று நீ வருத்தப்படுவாய். வாங்குமுன் சுத்தியல் பிடியால் பின்பலகை முழுவதையும் தட்டிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை ஊறிப்போயிருந்தால் பொத்தென்று கேட்கும். இது ஓரிடத்திலும் அப்படிக் கேட்கவில்லை. எஞ்சினின் பாரம் முழுவதும் தொங்குவது அங்கேதான். அதை நம்பித்தான் வாங்கினேன், எஞ்சினை நம்பி அல்ல.

எஞ்சின் 9.9 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக். நேற்றுக் காலை, தண்ணீருக்குள் நிற்கும் கீழ்க்காலைக் கழற்றினேன். கியர் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் வடிந்தது. கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. படகைத் தள்ளும் காற்றாடியை உருவிப் பார்த்தால், தண்டைச் சுற்றி நரம்பு வலையின் இழை கறுத்துப்போய் இறுகிக் கிடந்தது. தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அதுதான் அறுத்திருக்கிறது. பிளேடால் கீறிக் கீறி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அடுத்து, கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பு. அதற்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் ஆறு இதழ்கள் இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. மற்ற நான்கும் எங்கே? புது இம்பெல்லரை மாட்டிவிட்டு, ஒடிந்த துண்டுகளை உள்ளேயே விட்டால் அவை தண்ணீர்ப் பாதையை அடைத்துக்கொள்ளும். மூன்றைக் குழாயிலிருந்து கம்பி விட்டு எடுத்துவிட்டேன். நான்காவது இன்னும் கிடைக்கவில்லை. அது கையில் கிடைக்காமல் எஞ்சினை மூட மாட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், நாங்கள் அடுத்தவர் படகில் போய் விடியும்வரை மிதந்தோமே, நினைவிருக்கிறதா? அன்று தண்ணீர் வருவது நின்றதை எவரும் கவனிக்கவில்லை. எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொண்டது. அம்மா தொலைபேசியில் அழுததும், நீ உறங்காமல் வேலைக்குப் போனதும் எனக்குத் தெரியும். அதனால்தான் புது எஞ்சினுக்கென்று நீ அனுப்பிய பணத்தை வங்கியிலேயே விட்டிருக்கிறேன். ஒருமுறை நானே ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டினால், நடுக்கடலில் நின்றாலும் இருட்டில் தடவிப் பார்த்தே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவேன். வேலை முடிந்ததும் பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்ப்பேன். எஞ்சினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கடல்.

இப்போது ஒன்றில் நிற்கிறேன். நான்காவது துண்டு மேலே ஏறியிருக்குமோ என்று சிலிண்டர் ஹெட்டைத் திறக்கப் போனேன். அலுமினியத்தில் உப்பு பூத்து போல்ட்டுகள் இறுகியிருக்கின்றன. சூடு காட்டியதில் இரண்டு வந்தன. மூன்றாவது தலை முறிந்துவிட்டது. உடனே கையை எடுத்துவிட்டேன். நீ கப்பல் பட்டறையில் இருக்கிறவன். முறிந்த போல்ட்டை, புரி கெடாமல் அங்கே எப்படி எடுக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நிதானமாகச் சொல். அதுவரை காலையும் மாலையும் அதன் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா