டப்பா நிறைய பில்

கிருஷ்ணகிரி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. சூளகிரி சைட்டுக்கும் பாகலூர் சைட்டுக்கும் சொந்த வண்டியில்தான் அலைகிறாய், அந்தப் பெட்ரோலை வருமான வரியில் கழிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியாதுடா. சம்பளக்காரனுக்கு நிலையான கழிவு மட்டும்தான்: புதிய வரிமுறையில் 75,000, பழையதில் 50,000. ஒரு பில்லும் கேட்க மாட்டார்கள். பெட்ரோலுக்கே லட்சம் போனாலும் அவ்வளவுதான்.

நீ கேட்க வேண்டியது கம்பெனி அக்கவுண்ட்ஸில். சைட்டுக்கு அலைந்த செலவை அவர்கள் பில் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் அது உன் வருமானத்தில் சேராது. வீட்டிலிருந்து ஆபீஸ் போய்வருவது இதில் வராது, அதையும் நுழைத்துவிடாதே.

என் கதையைக் கேள். வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருஷம் ஒரு பில்லையும் விடவில்லை. ராயக்கோட்டை போன பெட்ரோல், பிளான் பிரிண்ட், ஆபீஸ் வாடகை எல்லாம் ஒரு ஸ்வீட் டப்பாவில். தர்மபுரியில் மாமனார் வீட்டுக்குப் போன டீசல் கூட! ஆடிட்டர் அதை மட்டும் தனியே எடுத்து வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் டப்பாவையே மூடிவிட்டு, "உங்களுக்கு இது தேவையே இல்லை சார்" என்றார்.

விஷயம் இதுதான். நம்மைப் போன்ற இன்ஜினியர், டாக்டர், வக்கீல் தனியாகத் தொழில் செய்து, வருஷ வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதி செலவு என்று கணக்கு. என் நிஜச் செலவு மூன்றில் ஒரு பங்குதான், எனக்கு லாபம். புது லேப்டாப்பின் தேய்மானமும், அதாவது பழசாகப் பழசாக அதன் மதிப்பு குறைவதும், அந்தப் பாதிக்குள்ளேயே அடக்கம், தனியாகக் கேட்க முடியாது. செலவு பாதிக்கு மேல் போகிறவன், குறைந்த லாபம் காட்ட வேண்டுமென்றால் கணக்குப் புத்தகம், தணிக்கை என்று போக வேண்டும். டப்பா அவனுக்குத்தான்.

வேலையை விட்டுவிடலாமா என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். இந்தப் பாதிக் கணக்கை மட்டும் நம்பி வேலையை விடாதே. கம்பெனி போடும் பிஎஃப் நின்றுபோகும். வரியையும் மார்ச் 15க்குள் நாமே முன்கூட்டிக் கட்ட வேண்டும். நான் மறந்து வட்டி கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. சம்பளமும் பிடித்த வரியும் போட்டுக் கம்பெனி தரும் பார்ம் 16ஐ எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம்.

உன்
முருகேசன்